ஆறு மணி நிபந்தனை

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு வருத்தம் இல்லை. எழுபத்தாறு வயதில் பேய்க் கதை சொல்லிப் பெயர் வாங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

எழுதக் காரணம் ஒன்றுதான். என் தங்கை இறந்த வாரம் ஒரு பத்திரிகை இப்படித் தலைப்புப் போட்டது: ‘நடிகையின் உடலைப் படப்பிடிப்புத் தளத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போன அண்ணன்.’ அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கடைக்குப் போனால் பேச்சு நின்றுபோகிறது. நான் அவளை விட்டுவிட்டு வரவில்லை. கூட்டிக்கொண்டுதான் வந்தேன். என் காரில்... பின் இருக்கையில்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சினிமாக்காரர்கள் வைத்த பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் அப்பா வைத்த பெயரோ எந்தப் போஸ்டரிலும் எந்த ஒப்பந்தத்திலும் வராமல் முப்பத்தெட்டு வருடம் காத்தேன். அது எங்கள் குடும்பத்துப் பெயர். சுவரில் ஒட்டிக் கிழிக்கிற பெயர் அல்ல. வீட்டில் அவள் பாப்பா. ஐம்பத்தேழு வயதிலும் பாப்பாதான்.

பத்தொன்பது வயதில் நடிக்கப் போனாள். அப்பா போய்விட்டார், வீடு தள்ளாடியது, வேறு வழியில்லை. நான் சம்மதித்தேன். ஆனால் மூன்று நிபந்தனைகள் போட்டேன். அப்பா வைத்த பெயர் வெளியே தெரியக் கூடாது. படப்பிடிப்பில் கடைசிவரை நான் கூடவே இருப்பேன். மாலை ஆறு மணிக்கு அவள் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும், ஒரு நிமிடம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதற்காக நான் நில அளவை அலுவலக வேலையை விட்டேன். ஒரு மடக்கு நாற்காலி வாங்கினேன். முப்பத்தெட்டு வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு படங்களில் கதாநாயகி. பிறகு கதாநாயகனுக்கு அக்கா. பிறகு அம்மா. பிறகு சினிமா கூப்பிடவில்லை, டிவி கூப்பிட்டது. கடைசி நான்கு வருடம் ஒரே தொடரில் மாமியார். மருமகளைப் படுத்தாத பாடு இல்லை. காய்கறிக் கடைக்காரம்மா ஒரு நாள், “அந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி, அதைப் போய்ச் சூடு போட்டியே! உனக்குத் தக்காளி கிடையாது, போ,” என்று விரட்டிவிட்டார். காரில் வரும்போது பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மற்றபடி எப்போதும் களைப்பு. ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டே தூங்குவாள். முப்பது வயதில் ஓர் ஒலிப்பதிவாளர் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர்தான். சினிமாக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தயாராகிக் காரில் உட்கார்ந்திருந்தாள்.

தொடரின் நான்காவது வருடம், ஒரு நாள் சொன்னாள்.

“அண்ணா, போதும்ணா. என்னைக் கொன்னுடச் சொல்லுங்க.”

அதாவது, அந்த மாமியாரைக் கதையில் சாகடித்துவிடச் சொல்கிறாள். டைரக்டரிடம் நானே போய்க் கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன்.

அந்த நாள் வந்தது.

தளம் என்பது ஒரு பழைய கிடங்கு. உள்ளே பங்களா மாதிரி செட். ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. கூடத்தின் நடுவில் ஒரு கட்டில். மார்புவரை வெள்ளைப் போர்வை. முகத்துக்கு வெளிறிய மேக்கப். அதைப் போட்டவர் முப்பது வருடமாக அவளுக்கு மேக்கப் போட்டவர். எல்லோரும் அவரைப் ‘பவுடர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் ‘பள்ளிக்கூட மணி’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால்.

மதியம் 1.40-க்குப் பாப்பா கட்டிலில் படுத்தாள். நான் என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் அவள் படுத்திருப்பதை நான் பார்ப்பதில்லை. அது என் பழக்கம். காது மட்டும் அங்கே இருக்கும்.

2.20. முதல் ஷாட். இமை அசைந்துவிட்டது. மறுபடியும் எடுத்தார்கள்.

2.35. டைரக்டர் குரல். “மேடம், மூச்சு தெரியுது.”

“என்னப்பா பண்றது? உயிரோட இருக்கேனே!”

தளமே சிரித்தது. பவுடர் சிரித்தது எனக்குத் தனியாகக் கேட்டது.

மூன்று மணிக்கு மேல் ஒரு ரீடேக் கூட இல்லை. “பிரமாதம் மேடம்... இதுதான் அனுபவம்ங்கிறது,” என்று டைரக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். 3.15-க்கு மருமகளாக நடிக்கிற பெண் பாதி அழுகையில் நிறுத்தினாள்.

“சார், அம்மா கை சில்லுன்னு இருக்கு.”

“ஏசியைக் குறைங்கப்பா!”

குறைத்தார்கள்.

3.40. டீ பிரேக். டீ கொடுப்பவர் வழக்கம்போல இரண்டு கப் வைத்துவிட்டுப் போனார். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. நான் என் கப்பை எடுத்தபோது பாப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்த சத்தம் கேட்கவில்லை. செருப்புப் போடவில்லை.

டீயை அவள் மூன்று தடவை ஊதாமல் குடிக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்றைக்கு ஊதவில்லை. கப்பை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுது முடிச்சாச்சு. அடிச்சு முடிச்சாச்சு. செத்தும் முடிச்சாச்சு. இனி என்னண்ணா பாக்கி?”

“உளறாத. டீயைக் குடி.”

“களைப்பா இருக்கு. இன்னிக்கு ஒரு நாள்... கொஞ்சம் முன்னாடி போகட்டுமா?”

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மணிக்குப் பிறகு இருக்க மாட்டோம் என்று சொன்ன வாய், ஆறு மணிக்கு முன்னால் போகிறோம் என்று சொல்லக் கூடாது. அப்புறம் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு?

“ஆறு மணின்னா ஆறு மணி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. போ, படு.”

“சரிண்ணா.”

நான் டீயைக் குடித்து முடித்துத் திரும்பினேன். நாற்காலி காலி. அவள் கப் தரையில் இருந்தது, விளிம்புவரை நிறைந்து. மேலே பாலாடை படிந்திருந்தது.

5.52. “பேக் அப்!”

எழுந்தேன். நாற்காலியை மடக்கினேன். பவுடர் ஓடி வந்தார்.

“ஐயா, ஒரே நிமிஷம். எழுந்து சிரிக்கிற ஷாட் ஒண்ணு எடுத்துடலாம்.”

இந்தத் தொழிலில் இது ஒரு பழக்கம். செத்ததாக நடித்தவர் கடைசியில் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் பதிவு செய்வார்கள். எதிலும் சேர்க்க மாட்டார்கள், சும்மா வைத்துக்கொள்வார்கள். அன்றைய கடைசி ஷாட் பிணமாக இருக்கக் கூடாதாம்.

“மூடநம்பிக்கை. எங்க குடும்பத்துல இதெல்லாம் கிடையாது.”

“அரை நிமிஷம்தாங்கய்யா. படுத்தவங்க எழுந்ததைக் கேமரா பார்த்துடணும். பெரியவங்க சொல்லுவாங்க...”

“நானும் பெரியவன்தான்.”

யாரோ பின்னால், “மணி அடிச்சாச்சுடா,” என்றார்கள். நான் கட்டில் பக்கம் பார்க்காமலேயே சொன்னேன்.

“பாப்பா, எழுந்திரு. ஆறாகுது.”

கதவை நோக்கி நடந்தேன். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் வெறுங்கால் சத்தம்... தப்... தப்... தப். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்குமே திரும்பிப் பார்த்ததில்லை. நான் நடந்தால் அவள் பின்னால் வருவாள்.

நான் காரில் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். பின் கதவு திறந்தது, மூடியது.

என் காரின் பின் ஜன்னல்களுக்குத் திரை போட்டிருப்பேன். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. கேட்டில் நிற்கிற காவலாளிகளுக்கும் அதே உத்தரவுதான். வெளியே போகிறவர்கள் கையெழுத்தும் நேரமும் போட ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். காவலாளி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நோட்டைத் திரைக்குள் நீட்டினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நோட்டு வெளியே வந்தது. என் கடிகாரத்தில் 6.00.

வழியெல்லாம் நெரிசல். அவள் எப்போதும் இடது ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாள். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தேன். நடுவில், நிமிர்ந்து, உட்கார்ந்திருந்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது. வெள்ளையாக.

“மேக்கப்பைக் கலைக்கலையா?”

“வீட்டுல...”

அவ்வளவுதான் பேச்சு.

6.45-க்கு வீடு. என் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் நானும் பாப்பாவும்தான். பூட்டைத் திறந்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். தினமும் கூடத்து நாற்காலியில் விழுந்து, “அப்பாடா!” என்று ஒரு தடவை சொல்வாள். அது கேட்டால்தான் எனக்கு நாள் முடிந்த மாதிரி. அன்றைக்கு அது கேட்கவில்லை. நேராக அவள் அறைக்குப் போனாள். விளக்குப் போடவில்லை.

7.05. “பாப்பா, சாப்பிடலையா?”

“களைப்பா இருக்கு.”

குரல் கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கட்டில் பக்கமிருந்து இல்லை. கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து.

7.20. சத்தமே இல்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. எழுந்து போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கூடத்து வெளிச்சம் உள்ளே ஒரு கீற்றாக விழுந்திருந்தது.

படுத்திருந்தாள்.

மல்லாந்து.

பாப்பா மல்லாந்து படுக்க மாட்டாள். பிறந்ததிலிருந்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கித்தான் படுப்பாள். இப்போது நேராக... கால் இரண்டும் சேர்ந்து... கை மார்பின் மேல்... போர்வை மார்புவரை.

“மூஞ்சியைக் கழுவிட்டுப் படு.”

பதில் இல்லை.

நான் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஏறவில்லை. இறங்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ‘மேடம், மூச்சு தெரியுது’ என்று டைரக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூச்சு தெரியவில்லை.

கூடத்துக் கடிகாரம் 7.34.

“பாப்பா...”

இல்லை.

“பாப்பா, எழுந்திரு.”

கட்டில் கிரீச்சிட்டது.

எழுந்தாள். மெதுவாக இல்லை. ஒரேயடியாக, முதுகு வளையாமல், உட்கார்ந்தாள்.

என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம், தோளுக்குச் சற்று மேலே... கேமரா இருந்தால் எங்கே இருக்குமோ, அங்கே பார்த்தாள்.

சிரித்தாள்.

இரண்டு நொடி.

நிறுத்தினாள்.

கூடத்தில் போன் அடித்தது.

நான் எப்படிக் கூடத்துக்கு வந்தேன் என்று தெரியாது. ரிசீவர் கையில் இருந்தது. பவுடரின் குரல். அழுகிறார்.

“ஐயா... அம்மாவை விட்டுட்டுப் போயிட்டீங்களேய்யா...”

“யாரை? அவ இங்க இருக்கா.”

“இல்லைங்கய்யா. அம்மா இங்க இருக்காங்க. கட்டில்லயே இருக்காங்க. எழுப்பினோம்... எழுந்திருக்கலய்யா...”

ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு அவள் அறைக்கு ஓடினேன்.

கட்டில் காலி.

போர்வை கட்டிலின் காலடியில் மடித்தபடி, காலையில் அவள் வைத்த மாதிரியே இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு வட்டம். வெள்ளை மேக்கப்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தளத்துக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே அவள் செருப்பு, ஒன்றோடொன்று ஒட்டி, கழற்றிப் போட்டபடியே கிடந்தது. நான் காரில் கோபமாக உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து எழுப்புவேன் என்று பவுடர் நினைத்தாராம். அம்மா கொஞ்சம் தூங்கட்டும் என்று மேக்கப் பெட்டியை அடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் காரைக் காணோம், தளத்தில் விளக்கு இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். 7.20-க்குக் கட்டிலைத் தூக்க வந்த ஆட்கள்தான் போர்வையை விலக்கியிருக்கிறார்கள்.

டாக்டர் பார்த்தார். மாரடைப்பு. நேரத்தையும் சொன்னார்.

“மத்தியானம் ரெண்டரைக்கும் மூணுக்கும் நடுவுல உயிர் போயிருக்கு.”

“இல்லை டாக்டர். மூணு நாப்பதுக்கு என் பக்கத்துல உக்காந்து பேசினா.”

பவுடர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஐயா, டீ பிரேக்ல அம்மா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் பக்கத்துல இருந்தேன். அசந்து தூங்குறாங்கன்னு நானும் எழுப்பல.” கொஞ்சம் தயங்கினார். “நீங்க சுவரைப் பார்த்து உக்காந்து, தனியாப் பேசிட்டு இருந்தீங்க. ‘போ, படு’ன்னு சொன்னீங்க. யாரைத் திட்டுறீங்கன்னு புரியலய்யா.”



பத்திரிகை வந்தது. பேச்சு வந்தது. மூன்று மணி நேரம் பிணத்தை வைத்துப் படமெடுத்தார்கள் என்று தளத்துக்காரர்களைத் திட்டினார்கள். ஆறு மணி என்பதற்காகப் பிணத்தைப் போட்டுவிட்டுப் போனவன் என்று என்னைத் திட்டினார்கள். நான் யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கமும் கிடையாது.

ஒன்பதாம் நாள் காலை 10.15-க்கு அந்தக் கேட் காவலாளி வீட்டுக்கு வந்தார். சட்டைப் பைக்குள் நான்காக மடித்த ஒரு தாள்.

“பழைய நோட்டு தீர்ந்துபோச்சுங்கய்யா. புதுசு மாத்தும்போதுதான் பார்த்தேன். ஆபீஸ்ல காட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டணும்னு தோணுச்சு. கிழிச்சிட்டேன். தப்புதான்.”

“அன்னிக்கு நீ நோட்டை உள்ள நீட்டினப்போ... யாரைப் பார்த்த?”

“நான் எங்கங்கய்யா பார்த்தேன்? நீங்கதானே பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. நோட்டு போச்சு, நோட்டு வந்துச்சு.”

தாளைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகள். முதல் வரி என் கையெழுத்து. வெளியே போன நேரம் 6.00.

அதற்குக் கீழே ஒரு பெயர். சாய்வாக, கொம்புகளைப் பெரிதாகச் சுழித்து எழுதுகிற பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. நான்தான் அவளுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா? அது சினிமாக்காரர்கள் வைத்த பெயர் அல்ல. எங்கள் அப்பா வைத்த பெயர். அந்தத் தளத்தில் ஒருவருக்கும் தெரியாத பெயர்.

“இது யாரு பேருங்கய்யா?”

நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “தெரியாது.”

அந்தத் தாள் என் அலமாரியில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பத்திரிகையில் கொடுத்தால் என்மேல் உள்ள பழி ஒரே நாளில் போய்விடும். ஆனால் அந்தப் பெயரும் அச்சில் வரும். அதனால் கொடுக்க மாட்டேன். பழி என்னோடு போகட்டும்.

ஆனால் அந்தப் பெயருக்கு நேராக, வெளியே போன நேரம் என்ற கட்டத்தில், அவள் கையால் எழுதியது 6.00 அல்ல.

2.50.

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பாப்பா ஆறு மணிக்கு முன்னால் கிளம்பியிருக்கிறாள்.

என்னைக் கேட்காமல்.